பாலை மண்ணில் ஒரு பாதிரியார்

2022ஆம் ஆண்டு மே மாதம் 15ஆம் நாள், ரோமாபுரியில் போப் பிரான்சிஸ் பத்துப் பேரைப் புனிதர்கள் என்று அறிவித்தார். அவர்களுள் ஒருவர் குமரி மாவட்டத்து நட்டாலத்தில் பிறந்த தேவசகாயம் பிள்ளை. ஆதலால் தமிழகத்து ஏடுகள் அச்செய்தியை உவகையுடன் வெளியிட்டன. அதே பட்டியலில் இடம்பெற்ற மற்றொரு பெயரை நம்மில் மிகப் பலர் கவனித்திருக்க மாட்டோம். சார்லஸ் தெ ஃபூக்கோ என்பது அந்தப் பெயர்.

பெயர் நமக்குப் புதிது. ஆனால் கதை நமக்கு அந்நியமானதன்று. முஸ்லிம்களின் தொழுகையைக் கண்டு உள்ளம் கலங்கி, இழந்த இறைநம்பிக்கையை மீண்டும் தேடத் தொடங்கியவர் இவர். முஸ்லிம்களுக்கிடையே சகாராப் பாலையில் பதினைந்து ஆண்டுகள் வாழ்ந்தார். அவர்தம் பாடல்களைத் தொகுத்தார். அவர்கள் கொடுத்த பாலால் உயிர் பிழைத்தார். இறுதியில் முஸ்லிம் இளைஞன் ஒருவனின் துப்பாக்கிக் குண்டுக்கு இரையானார்.

இவரைப் பற்றி எழுதியோர் இரு அணியாய் நிற்கின்றனர். ஓரணியினர், 'அனைவர்க்கும் சகோதரர்' என்று போற்றுகின்றனர். மற்றோரணியினர், 'அங்கி அணிந்த ஒற்றர்' என்று தூற்றுகின்றனர். இவ்விரு கூற்றுகளுள் எது உண்மை என்று கேட்பதைவிட, இரண்டும் எவற்றை மறைக்கின்றன என்று கேட்பதே நன்று என்பது நம் கருத்து. ஒரு கூட்டத்தார்மீது கொண்ட வெறுப்பு நம்மை நீதி தவறச் செய்துவிடலாகாது என்று அல்மாயிதா அத்தியாயம் நமக்குக் கட்டளையிடுகிறது. வெறுப்புக்குச் சொன்ன அந்த விதி வியப்புக்கும் பொருந்தும். வியப்பும் நீதியை மறைக்கவல்லது.

படைவீரரும் பயணியும்

1858இல் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில், உயர்குடியில் பிறந்தார் ஃபூக்கோ. ஆறு வயதுக்குள் தாயையும் தந்தையையும் இழந்து பாட்டனாரிடம் வளர்ந்தார். இளமையிலேயே மதநம்பிக்கை அவரை விட்டு அகன்றது. படைப்பள்ளியில் பயின்று அதிகாரியானார். பாட்டனார் விட்டுச்சென்ற செல்வத்தைக் களியாட்டங்களில் கரைத்தார். 1880இல் அவருடைய படைப்பிரிவு அல்ஜீரியாவுக்கு அனுப்பப்பட்டது. ஒழுக்கக்கேட்டின் காரணமாக 1881இல் பணியிலிருந்து விலக்கப்பட்டார். அவ்வாண்டே பூ அமாமா என்பாரின் தலைமையில் பிரெஞ்சு ஆட்சிக்கெதிராகக் கிளர்ச்சி மூண்டபோது, தாமே வேண்டிப் படையில் மீண்டும் சேர்ந்தார். ஆகவே முஸ்லிம் மக்களோடு அவர் கொண்ட முதல் உறவு, அவர்களுக்கெதிராக ஆயுதம் ஏந்திய உறவேயாகும். இதனை மறத்தல் கூடாது.

அடுத்த ஆண்டு படையைத் துறந்து மொராக்கோவை ஆராயப் புறப்பட்டார். அந்நாட்டின் உட்பகுதிகள் அக்காலத்தில் ஐரோப்பியக் கிறித்தவர்களுக்குத் திறந்திருக்கவில்லை. எனவே யூத ரப்பியைப் போல வேடம் பூண்டு, மொர்தொகாய் அபீ ஸரூர் என்னும் உண்மையான ரப்பி ஒருவரைத் துணைக்கொண்டு, 1883 ஜூன் முதல் 1884 மே வரை சுற்றி வந்தார். உள்ளங்கையில் மறைத்த சிறு குறிப்பேட்டில் மலைகளையும் ஆறுகளையும் வழிகளையும் பதிந்துகொண்டார். அதற்குமுன் ஐரோப்பியர் அளந்து வைத்திருந்த வழிகள் 689 கிலோமீட்டர். இவர் புதிதாகச் சேர்த்தவை 2,250 கிலோமீட்டர். பாரிஸ் புவியியற் கழகம் அவருக்குத் தங்கப் பதக்கம் வழங்கிற்று. 1888இல் அவருடைய பயண நூல் வெளிவந்தது.

வேடம் பூண்டு நடந்த அந்தப் பயணத்தில் அவரைக் காத்தவர் யார்? திஸிந்த் என்னும் பாலைச்சோலையில் ஹாஜி பூ ரஹீம் என்ற முஸ்லிம் அவருக்கு உற்ற நண்பரானார். ஆபத்து நேர்ந்தபோதெல்லாம் அரணாய் நின்றார். விருந்தினரைக் காத்தல் கடமை என்பதைத் தவிர அவருக்கு வேறு ஆதாயமில்லை. அப்படிக் காக்கப்பட்டவர் வரைந்த வழிப்படங்கள் பின்னர் எவர் கைக்குப் போயின? 1912இல் மொராக்கோ பிரான்சின் 'பாதுகாப்பு' நாடாக்கப்பட்டது. ஃபூக்கோ அந்நோக்கத்தோடு மட்டுமே பயணம் செய்தார் என்று நாம் கூறவில்லை. ஆனால் அறிவும் ஆதிக்கமும் அந்நாளில் ஒரே குதிரையில் ஏறிச் சென்றன என்பதை எவரும் மறுக்க இயலாது.

தொழுகை தந்த கலக்கம்

மொராக்கோவில் அவர் கண்டது மலைகளை மட்டுமன்று. ஐவேளையும் இறைவன் முன்னிலையில் நிற்கும் மக்களையும் கண்டார். பிற்காலத்தில் தம் நண்பர் ஹென்றி தெ காஸ்திரிக்கு 1901இல் எழுதிய மடலில், இஸ்லாம் தம் உள்ளத்தை ஆழக் கலக்கியது என்றும், இறைவனின் இடைவிடாத சந்நிதியில் வாழும் அம்மக்களைக் கண்டபோது உலகியலுக்கு அப்பால் மேலான ஒன்று உண்டு என உணர்ந்ததாகவும் மனம் திறந்து கூறுகிறார். அக்கலக்கம் அவரை இஸ்லாத்துக்குள் கொண்டுவரவில்லை. 1886 அக்டோபரில், பாரிஸில் ஹுவெலீன் என்ற பாதிரியாரின் வழிகாட்டுதலால், தாம் பிறந்த கத்தோலிக்க மார்க்கத்துக்கே அவர் திரும்பினார். அதில் நமக்கு வருத்தமில்லை. நேர்வழியில் செலுத்துவது மனிதர் கையில் இல்லை. ஆயினும் அந்தத் திருப்பத்துக்கு முதல் தூண்டுகோலாக இருந்தது, பெயர் தெரியாத எளிய முஸ்லிம்களின் தொழுகை. அவர்கள் எவருக்கும் பிரசாரம் செய்யவில்லை. தங்கள் கடமையைச் செய்தார்கள், அவ்வளவே.

அதன்பின் அவருடைய வாழ்க்கை துறவறத்தின் பக்கம் திரும்பியது. 1890இல் மடமொன்றில் சேர்ந்தார். உஸ்மானியப் பேரரசைச் சார்ந்த சிரியாவில் அக்பேஸ் என்னும் இடத்து ஏழை மடத்தில் சில ஆண்டுகள் வாழ்ந்தார். பின்பு நாசரேத் நகரில் பெண்துறவியர் மடமொன்றில் வேலைக்காரராய்ப் பணியாற்றினார். 1901இல் குருப்பட்டம் பெற்று, அவ்வாண்டின் இறுதியில் அல்ஜீரியாவின் தென்மேற்கே பெனீ அப்பாஸ் என்னும் பாலைச்சோலைக்கு வந்தார். முஸ்லிம், கிறித்தவர், யூதர் எவராயினும் தம்மைச் சகோதரராகக் கருத வேண்டும் என்பதே அவருடைய வேட்கை. வறியோரும் வழிப்போக்கரும் அடிமைகளும் அவர் வாசலில் நாள்தோறும் கூடினர்.

நாம் தலைகுனிய வேண்டிய இடம்

இங்கே அவரைக் குறைகூற விரும்பும் நம்மவர் விரைந்து கடந்துவிடக்கூடிய செய்தி ஒன்று உண்டு. நாம் அதனை நிறுத்தி நிதானமாகவே சொல்வோம்.

பெனீ அப்பாஸில் அடிமைகளை வைத்திருந்த எசமானர்கள் முஸ்லிம்கள். பிரெஞ்சு அரசு 1848இலேயே தன் ஆட்சிப் பகுதிகளில் அடிமைமுறையைச் சட்டத்தால் ஒழித்திருந்தது. ஆனால் பாலையில் அதிகாரிகள், உள்ளூர்த் தலைவர்களின் ஆதரவை இழக்கலாகாது என்று எண்ணிக் கண்களை மூடிக்கொண்டனர். ஃபூக்கோ மூடிக்கொள்ளவில்லை. 1902இல் தம் மேலாளருக்கும் நண்பர்களுக்கும் மடல்மேல் மடல் எழுதினார். இதைக் கண்டும் வாய்திறவாதிருப்பது பாவம் என்றார். சிலரைப் பொருள் கொடுத்து மீட்டு விடுவித்தார். திருச்சபையின் மேலாளரோ அவரை அடக்கமாக நடந்துகொள்ளுமாறு அறிவுறுத்தினார்.

அடிமையை விடுதலை செய்வது மலைப்பாதையில் ஏறுவதற்கு ஒப்பான அருஞ்செயல் என்று நம் வேதம் கூறுகிறது. பிலால் (ரலி) அவர்களின் விடுதலையைப் பேசிப் பெருமை கொள்ளாத மேடை நம்மிடையே இல்லை. அவ்வாறிருக்க, முஸ்லிம் வீடுகளில் அடிமைகள் இருந்ததும், அவர்களுக்காகக் குரலெழுப்பியவர் ஒரு கிறித்தவப் பாதிரியாராக இருந்ததும் நமக்கு நாணம் தர வேண்டும். அவர்மீது வழக்குரைக்க எழுவோர் இந்த நாணத்தைக் கடந்தே எழ வேண்டும்.

அஹக்கார் மலையின் அண்டை வீட்டார்

சகாராவின் நடுவே அஹக்கார் என்னும் மலைநாடு. அங்கே வாழ்வோர் துவாரிக் மக்கள், ஒட்டகம் வளர்ப்போர், ஆடவர் முகத்திரை அணியும் வழக்கமுடைய முஸ்லிம்கள். 1902 மே 7ஆம் நாள் தித் என்ற இடத்தில் நடந்த போரில் பிரெஞ்சுப் படை அவர்களை முறியடித்தது. அவர்தம் தலைவர்களுள் ஒருவரான மூசா அக் அமஸ்தான் 1904இல் பிரான்சுடன் சமாதானம் செய்துகொண்டார். மறு ஆண்டு 'அமனோக்கல்' என்ற தலைமைப் பதவியை ஏற்றார். மூசா வெறும் குலத்தலைவர் அல்லர். காதிரிய்யாத் தரீக்காவைச் சார்ந்த குந்தா மரபின் பேரறிஞர் ஷைகு பாய் அவர்களின் அறிவுரை கேட்டு நடந்தவர். வீண் குருதி சிந்தாதிருத்தல் நலம் என்று அந்த ஷைகு கருதினார். இக்கதையை எழுதிய பலர், மூசாவின் சமாதானத்துக்குப் பிரெஞ்சு வாளையும் ஃபூக்கோவின் நட்பையும் காரணமாகக் காட்டி, ஷைகு பாய் அவர்களை மறந்துவிடுகின்றனர். இவ்வாறுதான் பிறர் வரலாறு எழுதும்போது நம் ஆலிம்கள் அரங்கிலிருந்து மறைந்துபோகின்றனர்.

படைத்தளபதி லாப்பெரீன், ஃபூக்கோவின் பழைய தோழர். அவருடைய படையுடன் 1904இல் பயணம் செய்த ஃபூக்கோ, 1905 ஆகஸ்டில் மூசாவின் இசைவு பெற்றுத் தமன்ராஸெத் என்னும் சிற்றூரில் குடியேறினார். கல்லும் மண்ணும் கொண்டு கட்டிய சிறு வீடு. அருகே சில குடிசைகள். மக்கள் அவரை 'மராபூத்' என்றழைத்தனர். முராபித் என்ற அரபுச் சொல்லின் திரிபு அது. தங்கள் இறைநேசர்களுக்கு வழங்கிய பெயரையே அந்தக் கிறித்தவருக்கும் வழங்கினர். அவர்தம் உள்ளம் எத்துணை அகன்றது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

1908ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அங்கே கொடிய வறட்சி. தம்மிடமிருந்ததையெல்லாம் பசித்தோருக்குப் பகிர்ந்தளித்துவிட்ட ஃபூக்கோ நோயுற்று, எழ இயலாது வீழ்ந்தார். அப்போது அண்டை வீட்டார், நான்கு கிலோமீட்டர் சுற்றளவில் மடியில் துளியேனும் பால் சுரக்கும் ஆடுகளைத் தேடிப் பிடித்துப் பால் கறந்து ஊட்டினர். தம் பிள்ளைகளுக்கே போதாத பால் அது. அதனால் அவர் பிழைத்தார். கொடுக்க வந்தவர் பெற்றுக்கொள்பவரானது அன்றுதான். அவருடைய வாழ்வின் உண்மையான நடுப்புள்ளி இதுவென்றே நாம் கருதுகிறோம்.

நான்கு தொகுதி அகராதி

தமன்ராஸெத் வீட்டில் அவர் செய்த பெரும்பணி மதமாற்றமன்று. அவரால் மதம் மாறியோர் விரல்விட்டு எண்ணத்தக்கவரே. அவர் செய்தது மொழிப்பணி.

துவாரிக் மக்களின் மொழிக்குத் திஃபினாக் என்னும் தொன்மையான எழுத்து உண்டு. ஆனால் அவர்களுடைய இலக்கியம் ஏட்டில் இல்லை, நாவில் இருந்தது. மாலை வேளைகளில் இளையோர் கூடும் 'அஹால்' என்ற அவையில், பெண்கள் 'இம்ஸாத்' என்னும் ஒற்றை நரம்பு இசைக்கருவியை இசைக்க, பாடல்கள் அரங்கேறும். காதலும் போரும் ஒட்டகத்தின் நடையும் அவற்றின் பொருள். நம் முன்னோர் அகம் என்றும் புறம் என்றும் வகுத்தவை அங்கேயும் வாழ்ந்தன என்று சொல்லலாம். இம்ஸாத் இசைமரபை 2013இல் யுனெஸ்கோ மானிடப் பண்பாட்டுச் செல்வமாக ஏற்றது.

ஃபூக்கோ 575 பாடல்களைத் திரட்டினார். அடிகள் ஏறத்தாழ 5,670. பாடலைச் சொல்பவருக்குப் பரிசு கொடுத்தார். தாஸீன் என்ற புகழ்பெற்ற பெண்பாவலர் அவருக்குப் பெருந்துணை புரிந்தார். ஒவ்வொரு பாடலுக்கும் பாடியவர் யார், எக்காலத்தில், எந்நிகழ்ச்சியில் பாடினார் என்ற குறிப்பை, நம் புறநானூற்றுப் பாடல்களின் அடிக்குறிப்புகளைப் போல, சேர்த்து எழுதினார். சொல்லுக்குச் சொல் பொருள் கூறினார். தித் போரைப் பற்றிய பாடல்களையும் விடவில்லை; தம் நாட்டுப் படையை எதிர்த்தோரின் குரலையும் பதிவு செய்தார். ஏட்டுச் சுவடிகளைத் தேடி ஊர் ஊராய் அலைந்த உ.வே. சாமிநாதையரை அறிந்த தமிழருக்கு இவ்வுழைப்பின் அருமை விளங்காமற் போகாது.

அவர் இயற்றிய துவாரிக்–பிரெஞ்சு அகராதி 1951–52இல் நான்கு தொகுதிகளாக, இரண்டாயிரம் பக்கங்களுக்கு மேல் விரிந்து வெளிவந்தது. தம் பெயர் நூல்களில் வரலாகாது என்றும், தம்முடன் 1906இல் சிறிது காலம் உழைத்து மறு ஆண்டு மறைந்த மொதிலீன்ஸ்கி என்ற அறிஞரின் பெயரிலேயே வரட்டும் என்றும் அவர் விரும்பினார். 1916 நவம்பர் 28ஆம் நாள் பாடல்களின் செம்படியை முடித்தார். அதற்கு மூன்றாம் நாள் அவர் உயிருடன் இல்லை.

கேட்ட செவியும் கேளாத செவியும்

இனி அவர்மீது கூறப்படும் குற்றத்துக்கு வருவோம்.

லாப்பெரீனுக்கும் பிற அதிகாரிகளுக்கும் ஃபூக்கோ எழுதிய மடல்கள் பல. எந்தக் குலம் அடங்கியிருக்கிறது, எது அடங்கவில்லை, எவரை நம்பலாம், ஆட்சியை எவ்வாறு அமைக்கலாம் என்ற செய்திகள் அவற்றில் உண்டு. அவர் ஊதியம் பெற்ற ஒற்றர் அல்லர். ஆயினும் தம்மை நம்பிய அண்டை வீட்டாரைப் பற்றிப் படைக்கு அறிவுரை கூறினார். 1914இல் முதல் உலகப்போர் மூண்டபின் இது மிகுந்தது. இறுதியில் தமன்ராஸெத்தில் ஒரு சிறு கோட்டை கட்டி, ஊர்மக்களைக் காக்கவென்று படை அளித்த துப்பாக்கிகளை அதில் வைத்துக்கொண்டு அங்கேயே வாழ்ந்தார். துறவியின் குடில் படையின் கிடங்கானது.

இவற்றைவிட நம் உள்ளத்தை உறுத்துவது மற்றொன்று. 1916 ஜூலையில் எழுத்தாளர் ரெனே பஸேனுக்கு அவர் ஒரு மடல் எழுதினார். அதன் கருத்து இது: மஹ்தியின் வருகையை நம்பும் முஸ்லிம், முஸ்லிமாக இருக்கும்வரை பிரான்சுக்கு முழுமனத்துடன் உண்மையானவனாக இருக்க இயலாது, இம்மக்கள் உண்மையான பிரெஞ்சுக்காரர் ஆக வேண்டுமானால் கிறித்தவர் ஆவதே வழி, இல்லையேல் ஒருநாள் நம்மை வெளியேற்றிவிடுவர்.

இவ்வரிகளைப் படிக்கும்போது நாம் திகைக்கிறோம். அதே 1916இல் வெர்டன் போர்க்களத்தில் அல்ஜீரிய முஸ்லிம் வீரர்கள் பிரான்சுக்காக மடிந்துகொண்டிருந்தனர். அவர்கள் மடிந்தது எந்த நாட்டுக் குடிமக்களாக? 1865ஆம் ஆண்டின் சட்டப்படி அல்ஜீரிய முஸ்லிம், பிரான்சின் ஆட்சிக்குட்பட்டவன், குடிமகன் அல்லன். குடியுரிமை வேண்டுமானால் தன் ஷரீஅத் வாழ்வியற் சட்டத்தை விட்டுவிட வேண்டும். 1881 முதல் 'பழங்குடியினர் சட்டம்' என்ற தனிச் சட்டத்தால் தண்டிக்கவும் பட்டான். உரிமையை மறுத்தது பேரரசு. உண்மையில்லாதவர் என்ற பழி மட்டும் முஸ்லிமின் ஈமான் மீது. தீர்க்கதரிசனம் ஒன்று அம்மடலில் பலித்தது: 1962இல் பிரான்சு வெளியேறத்தான் நேர்ந்தது. ஆனால் காரணத்தை அவர் தவறாகக் கண்டார். மக்களை வெளியேற்றத் தூண்டியது மஹ்தி நம்பிக்கையன்று. நிலம் இழந்த துயரமும் மானம் இழந்த வேதனையுமே. நாகரிகம் கொணரும் என்று அவர் நம்பிய அதே பேரரசு, அவர் நேசித்த அஹக்கார் மலையின் அடியில் 1961 முதல் 1966 வரை பதின்மூன்று அணுகுண்டுகளை வெடித்துச் சோதித்தது.

எத்துணை வியப்பு! ஒரு மக்களின் சொற்களை ஆயிரக்கணக்கில் செவிமடுத்து எழுதியவர், அவர்கள் தம் வாழ்வை எவ்வாறு அமைத்துக்கொள்ள விரும்புகின்றனர் என்ற ஒன்றை மட்டும் கேட்கவில்லை. பாடலுக்குத் திறந்த செவி உரிமைக்குத் திறக்கவில்லை. அவருடைய அன்பு பொய்யன்று. ஆனால் அது, பிள்ளையை நேசிக்கும் பெரியவரின் அன்பு. சமமானவரை மதிக்கும் அன்பன்று. பாலூட்டியவரைப் பிள்ளையென நினைத்ததுதான் அவருடைய பிழை.

மரணமும் அதன்பின் எழுந்த உருவமும்

1916இல் சகாரா முழுவதும் கொந்தளித்தது. லிபியாவில் இத்தாலியரை எதிர்த்துப் போராடிய ஸனூஸி இயக்கம் பிரெஞ்சு எல்லையிலும் தாக்கியது. மார்ச் மாதத்தில் ஜானத் கோட்டை வீழ்ந்தது. டிசம்பர் முதல் நாள் மாலை, ஸனூஸியரைச் சார்ந்த கூட்டம் ஒன்று தமன்ராஸெத் வந்தது. ஃபூக்கோ முன்பு உதவி செய்திருந்த எல் மதானி என்பவன், அஞ்சல் வந்திருப்பதாகச் சொல்லிக் கதவைத் திறக்கச் செய்தான். அவரைப் பிடித்துக் கட்டி, இளைஞன் ஒருவனைக் காவல் வைத்துவிட்டுக் கோட்டையைச் சூறையாடினர். ஒட்டகப்படை வீரர் இருவர் எதிர்பாராமல் அங்கு வர, கலவரமுற்ற காவலிளைஞன் சுட்டுவிட்டான்.

இது மதத்துக்காக நிகழ்ந்த கொலையா? போரில் நிகழ்ந்த கொலையா? கொள்ளையில் நிகழ்ந்த கொலையா? கத்தோலிக்கத் திருச்சபை 2005இல் அவருக்கு அருளாளர் பட்டம் வழங்கியபோதும், பின்பு புனிதர் பட்டம் வழங்கியபோதும், மறைக்காக உயிர்நீத்தவர் என்ற வகையில் அவரைச் சேர்க்கவில்லை. அந்த நிதானத்தை நாம் பாராட்டுகிறோம். ஆனால் பல நூலாசிரியர்களிடம் அந்நிதானம் இல்லை. 1921இல் ரெனே பஸேன் எழுதிய வரலாறு அவரைப் பிரான்சின் வீரத்துக்கும் கிறித்தவத்தின் தியாகத்துக்கும் ஒருங்கே சின்னமாக்கிற்று. 1936இல் திரைப்படமும் வந்தது. அவற்றில் துவாரிக் மக்கள் பின்னணித் திரையில் தீட்டிய ஓவியமாகவே நிற்கின்றனர். தூற்றுவோரின் ஏடுகளிலும் அவர்கள் நிலை அதுவே: ஏமாற்றப்பட்டவர் என்ற ஒரே வேடம். மூசாவுக்கு அறிவில்லையா? தாஸீனுக்குத் தாம் என்ன செய்கிறோம் என்று தெரியாதா? ஃபூக்கோவின் மறைவுக்குப் பின் மூசா அவருடைய தங்கைக்கு எழுதிய ஆறுதல் மடலில், அவர் உங்களுக்கு மட்டுமன்றி எங்களுக்காகவும் மறைந்தார் என்ற பொருள்படக் கூறி, இறைவனின் அருளை வேண்டுகிறார். தம் நாட்டை வென்ற இனத்தாருள் ஒருவருக்காக அவ்வாறு இரங்கிய உள்ளம் ஏமாந்த உள்ளமன்று, பெரிய உள்ளம்.

ஃபூக்கோ விட்டுச்சென்றவற்றுள் கொள்ளத்தக்கதைக் கொண்டு தள்ளத்தக்கதைத் தள்ள முடியும் என்பதற்கு இருவர் சான்று. ஒருவர், ஹல்லாஜைப் பற்றிய பேராய்வால் நம் அறிஞரும் அறிந்த லூயி மஸினியோன். இளமையில் ஃபூக்கோவுடன் மடற்றொடர்பு கொண்டிருந்த அவர், தம் முதுமையில் அல்ஜீரியப் போரின் கொடுமைகளை எதிர்த்து வெளிப்படையாய் நின்றார். மற்றவர், அல்ஜீரிய முஸ்லிம் அறிஞர் அலீ மெராத். 1970களின் நடுவில் அவர், இஸ்லாத்தின் பார்வையில் ஃபூக்கோவைக் காணும் நூலொன்றை எழுதினார். தம் நாட்டை அடிமைப்படுத்திய இனத்தின் துறவியை விடுதலைக்குப் பின் அமைதியுடன் ஆராய்ந்த அம்மனப்பாங்கு நமக்கு முன்மாதிரி. போப் பிரான்சிஸும், அல்அஸ்ஹரின் தலைமை இமாம் அஹ்மத் அத்தய்யிபுடன் உரையாடியதை நினைவுகூர்ந்து 2020இல் எழுதிய சகோதரத்துவ மடலை, ஃபூக்கோவின் பெயரைச் சொல்லியே முடித்தார். அச்சகோதரத்துவத்தில் 1916 ஜூலை மடலுக்கு இடமில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் இன்னும் நிறைவாக இருந்திருக்கும்.

முடிவாக நாம் கூறுவது இதுதான். ஃபூக்கோ அஹக்காருக்குக் கொடுக்க எண்ணி வந்தவை இரண்டு: தம் மார்க்கம், தம் நாடு. இரண்டும் அங்கே வேர்கொள்ளவில்லை. அவர் அங்கிருந்து பெற்றவை மூன்று: தொழுகையாளர் தந்த கலக்கம், ஏழையர் தந்த பால், பாவலர் தந்த சொல். நிலைத்தவை இம்மூன்றுமே. இன்று துவாரிக் மக்கள் ஐந்து நாடுகளின் எல்லைக்கோடுகளால் பிரிந்து கிடக்கின்றனர். அவர்தம் மொழியை ஆராய்வோர், அவர் கைப்பட எழுதிய அந்த நான்கு தொகுதிகளைப் புறக்கணித்துச் செல்ல இயலாது. அத்தொகுதிகளின் உண்மையான ஆசிரியர்கள் பெயரறியாத மேய்ப்பரும் மகளிரும். எழுத்தர் ஃபூக்கோ. நல்ல எழுத்தர் என்ற புகழை அவருக்கு மனமுவந்து தருவோம்.

நம் வீடுகளிலும் இன்னும் ஏட்டேறாத தாலாட்டுகள் உண்டு. அரபுத் தமிழில் எழுதிக் கரையான் அரிக்கும் கையேடுகள் உண்டு. பாட்டிமார் நாவில் மட்டும் வாழும் பைத்துகள் உண்டு. அவற்றைத் தொகுக்க எங்கிருந்தோ ஒரு மராபூத் வரும்வரை காத்திருப்போமா? அடுத்தவர் வந்து எழுதினால் நன்றி சொல்வோம்; அவர் எழுதாமல் விட்டதற்காக அவரைக் குறைகூறுவதற்குமுன், நாம் எழுதாமல் விட்டதற்காக நம்மைக் கேட்டுக்கொள்வோம்.

ஃபூக்கோவின் உள்ளத்தில் இருந்த இறுதி எண்ணம் என்ன என்று நாம் தீர்ப்புக் கூற மாட்டோம். உள்ளங்களில் மறைந்திருப்பவற்றை அறிந்தவன் அல்லாஹ் ஒருவனே.